நூற்றுக்கு ஒன்றா, இரண்டா? கருக்குழாய் கர்ப்பக் கணக்கில் விடுபடுபவர்கள்

கருக்குழாய் கர்ப்பம் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இரண்டு விஷயம் தவறாமல் இருக்கும். ஒன்று, "நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு" என்கிற எண். இன்னொன்று, "யாருக்கெல்லாம் ஆபத்து?" என்று ஒரு பட்டியல்: புகை பிடிப்பவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், பால்வினைத் தொற்று வந்தவர்கள், ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஆனவர்கள். வார இணைப்பு, யூடியூப், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, எல்லாவற்றிலும் இதே வார்ப்புதான். எண்ணும் பொய்யில்லை, பட்டியலும் பொய்யில்லை. ஆனால் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த ரெண்டும் சேர்ந்து தப்பான பதிலைக் கொடுக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் வேலை. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது, எதை எதால் வகுத்தார்கள் என்று தோண்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

முதலில் அடிப்படை. கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இடம் மாறிய கர்ப்பம். பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில்தான் நடக்கும். அதனால் ஊரில் "டியூப்ல கரு தங்கிடுச்சு" என்பார்கள். குழாய் கர்ப்பப்பை மாதிரி விரியாது. சில வாரங்களில் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே ஒரு சொட்டு திட்டு மட்டும் தெரியலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் மூன்றரை லிட்டர்தான்.

அந்த 2% யாருடைய 2%?

"நூற்றுக்கு இரண்டு" என்பதன் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே சி.டி.சி. என்கிற நோய்த்தடுப்பு மையம் 1970-லிருந்து இதை எண்ணி வந்தது. 1970-ல் 17,800 பேர், பதிவான 1,000 கர்ப்பத்துக்கு 4.5. 1989-ல் 88,400 பேர், ஆயிரத்துக்கு 16. 1992-ல் 1,08,800 பேர், ஆயிரத்துக்கு கிட்டத்தட்ட 20. அதுதான் இந்த 2%.

இருபது வருஷத்தில் நாலு மடங்கு. குழாயைச் சேதப்படுத்தும் தொற்றுகள் கூடியது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே காலத்தில்தான் ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவைத் துல்லியமாகப் பார்க்கும் சோதனையும் அல்ட்ராசவுண்டும் லேப்பராஸ்கோப்பியும் பரவலாக வந்தன. முன்பு தெரியாமலே தானாகக் கரைந்துபோனவைகூட இப்போது கண்ணில் பட்டன. நோய் எவ்வளவு கூடியது, கண்டுபிடிப்பு எவ்வளவு கூடியது என்று அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

1992-க்குப் பிறகு இந்தக் கணக்கு தடுமாறியது. மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில் தங்காமலே சிகிச்சை எடுக்கிற முறை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்களை வைத்துக் கணக்கெடுத்தால் பாதிப் பேர் வலைக்கு வெளியே போய்விடுவார்கள். ஆக, இன்றைக்கு நாம் தமிழில் காப்பி அடித்துக்கொண்டிருப்பது முப்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க எண். பிரிட்டனில் சொல்வது ஆயிரத்துக்கு 11. அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ரெண்டு, சேர்த்தால் "ஒன்று அல்லது இரண்டு".

அந்த "அல்லது" எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2015-ல் இந்தியாவில் சுமார் 4.81 கோடி கர்ப்பங்கள் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டிச் செய்த ஆய்வு அது. அதில் 1% என்றால் 4.8 லட்சம் பெண்கள். 2% என்றால் 9.6 லட்சம். நாம் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போகிற "அல்லது"வுக்குள் வருஷத்துக்கு 4.8 லட்சம் பெண்கள் இருக்கிறார்கள்.

நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. பெரும்பாலும் "எங்கள் ஆஸ்பத்திரியில் இத்தனை பிரசவத்துக்கு இத்தனை கேஸ்" என்றுதான் எழுதுகிறார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பட்ட மாவட்டங்களில் சுகப்பிரசவம் ஆகிறவர்கள் அவரவர் ஊரிலேயே பெற்றுக்கொள்வார்கள். சிக்கலானவர்கள் மட்டும் அங்கே வருவார்கள். தொகுதியில் பல ஊர்ப் பெண்கள், பகுதியில் ஓர் ஊர்ப் பிரசவங்கள். அந்த விகிதம் அந்த ஆஸ்பத்திரியின் வேலைப்பளுவைச் சொல்லும், ஊரில் எத்தனை பேருக்கு வருகிறது என்பதைச் சொல்லாது.

சாவு எந்தக் கட்டத்தில் விழுகிறது?

தாய்மார் மரணம் என்றால் என்ன என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தெளிவானது. கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ, அந்தக் கர்ப்பம் எத்தனை நாளானது, எந்த இடத்தில் இருந்தது என்கிற பேதம் இல்லாமல், கர்ப்பம் தொடர்பான காரணத்தால் நேரும் சாவு. "எந்த இடத்தில்" என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். குழாயில் தங்கிய கருவால் போகிற உயிரும் தாய்மார் மரணம்தான்.

ஆனால் எழுதும்போது என்ன ஆகிறது? உலக அளவில் நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் இதன் எண் ஓ 00. "கருச்சிதைவில் முடியும் கர்ப்பங்கள்" என்கிற தொகுதிக்குள் முதல் இடம். தொகுத்து அறிக்கை போடும்போது அது கருச்சிதைவு என்கிற தலைப்புக்குள் போய்விடும். 2001-03 காலத்துக்கான இந்திய மாதிரிப் பதிவு ஆய்வு தாய்மார் மரணக் காரணங்களை ஆறு பெட்டிகளாகப் பிரித்தது: ரத்தப்போக்கு 38%, சீழ்ப்பிடிப்பு 11%, கருச்சிதைவு 8%, ரத்தக்கொதிப்பு 5%, தடைபட்ட பிரசவம் 5%, மற்றவை 34%. கருக்குழாய் கர்ப்பத்துக்குத் தனிப் பெட்டி கிடையாது. ரத்தப்போக்கில் விழலாம், கருச்சிதைவில் விழலாம், மற்றவையில் விழலாம்.

அதற்கும் முந்தைய ஓட்டை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கும் ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்காக 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். கருக்குழாய் கர்ப்பமோ பெரும்பாலும் அந்த 12 வாரம் முடிவதற்குள்ளேயே வெடித்துவிடும். நாள் தள்ளிப்போனதை அவளே இன்னும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். பதிவேட்டில் கர்ப்பிணியாக வராத ஒருத்தி இறந்தால், "வயித்து வலின்னு சொன்னா, மயங்கி விழுந்தா, போயிட்டா" என்பதோடு கதை முடிந்துவிடலாம். சாஃப்ட்வேரில் லாக்கில் பதிவாகாத எரரை யாரும் தேடிப் போக மாட்டார்கள். இங்கேயும் அதேதான்.

2018-20-ல் தமிழ்நாட்டின் தாய்மார் மரண விகிதம் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. நாட்டுக்கு 97. பெருமைப்படக்கூடிய எண்தான். ஆனால் அந்த வெற்றி பிரசவ அறையைச் சுற்றிக் கட்டப்பட்டது. ஆறாவது வாரத்தில் நடக்கிற ஆபத்து அந்த அறைக்கு வந்தே சேராது.

பட்டியலில் யார் இல்லை?

இப்போது "யாருக்கு ஆபத்து" பட்டியலுக்கு வருவோம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது: கருக்குழாய் கர்ப்பம் வந்த பெண்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த எந்த ஆபத்துக் காரணியும் இல்லை. பட்டியலைப் படித்துவிட்டு "நமக்கு இதெல்லாம் இல்லப்பா" என்று நிம்மதியாகிறவர்களில் இந்தப் பாதிப் பேரும் இருப்பார்கள்.

மீதிப் பாதிக்காவது நம் ஊருக்குப் பொருந்தும் பட்டியலா என்றால், அதுவும் இல்லை. புகை பிடிப்பதை மேலே போடுகிறார்கள். நம் கடலோரக் கிராமங்களில் எத்தனை பெண்கள் சிகரெட் பிடிக்கிறார்கள்? "பலருடன் உறவு" என்று ஒரு வரி வரும். அதைப் படித்ததுமே பாதிப் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நம் பட்டியலில் முதலில் வர வேண்டிய ஆளோ எங்கேயோ கடைசியில் இருப்பாள், இல்லாமலே போவாள்: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 57.8% பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பையே வெகுவாகக் குறைத்துவிடுவதால், மொத்தத்தில் கருக்குழாய் கர்ப்பமும் குறையத்தான் செய்யும். இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தப்பித்தவறிக் கரு தங்கிவிட்டால்? அமெரிக்காவில் 10,685 பெண்களை ஆபரேஷனுக்குப் பிறகு வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த கிரெஸ்ட் ஆய்வில் 143 கர்ப்பங்கள் உண்டாயின. அவற்றில் 47 இடம் மாறியவை. மூன்றில் ஒன்று. எந்த முறையில் ஆபரேஷன் என்பதைப் பொறுத்து இது மாறும். மின்சாரத்தால் குழாயைக் கருக்கும் முறையில் அதிகம், நம் ஊரில் பெரும்பாலும் செய்வதுபோல் பிரசவத்தை ஒட்டிக் குழாயை வெட்டிக் கட்டும் முறையில் மிகக் குறைவு. ஆனாலும் இத்தனை சதவீதம் பெண்கள் இளம் வயதிலேயே ஆபரேஷன் முடித்து, அதன்பின் இருபது வருஷம் வாழ்கிற ஒரு மாநிலத்தில் அந்தக் குறைந்த எண்ணும் பூஜ்யம் ஆகாது.

காப்பர்-டி கதையும் அப்படியே. போட்டிருந்தால் கர்ப்பமே அபூர்வம். ஆனால் உள்ளே இருக்கும்போதே கரு தங்கினால், அதில் பாதி வரை இடம் மாறியதாக இருக்கலாம். பிறப்புறுப்புக் காசநோய் குழாயைக் கெடுக்கும் என்பது இந்தியாவில் மறக்கக்கூடாத காரணம். சிசேரியன் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்வது இன்னொன்று. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன்.

கடைசியாக மெடிக்கல் ஷாப் மாத்திரை. மேலே சொன்ன லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வின்படி 2015-ல் நடந்த 1.56 கோடி கருக்கலைப்புகளில் 73% ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை போட்டுச் செய்தவை. மாத்திரை கர்ப்பப்பையைக் காலி செய்யும். குழாயில் இருப்பதை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தம் வரும். "கலைஞ்சிடுச்சு" என்று நினைத்து அவள் வேலைக்குப் போய்விடுவாள். பிறகு வரும் வலியையும் மாத்திரையின் வலியாகவே எடுத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் "நூற்றுக்கு ஒன்று" எவ்வளவு வழுக்கலான எண் என்று தெரியும். கர்ப்பமான எல்லாரையும் சேர்த்தால் 1 அல்லது 2%. ஆரம்ப வாரங்களில் வலியோ ரத்தப்போக்கோ வந்து எமர்ஜென்சிக்கு வருபவர்களை மட்டும் எடுத்தால் 18% வரை. ஆபரேஷன் செய்தபின் கர்ப்பமானவர்களில் கிரெஸ்ட் கணக்குப்படி 33%. வலியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் முதல் எண்ணைச் சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை.

வருவதற்கான ஆபத்து வேறு, சாவதற்கான ஆபத்து வேறு

பட்டியலின் பெரிய குறை இதுதான்: இந்த ரெண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. அமெரிக்காவில் 1970-க்கும் 1989-க்கும் இடையில் கருக்குழாய் கர்ப்பம் பல மடங்கு கூடியபோது, வந்தவர்களில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 35.5-லிருந்து 3.8 ஆகக் குறைந்தார்கள். நோய் மேலே போனது, சாவு கீழே வந்தது. மிச்சமிருந்த சாவும் எல்லார் மீதும் சமமாக விழவில்லை. 2003-07-ல் கறுப்பினப் பெண்களின் மரண விகிதம் வெள்ளையரைப்போல் 6.8 மடங்கு. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியும், மருத்துவ உதவியை எளிதில் எட்ட முடியாத அகதிகள், புதிதாகக் குடியேறியவர்கள், மொழி தெரியாதவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம், குழந்தையின்மை சிகிச்சை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978-ல் பிறந்தது. அதற்கு முன் 1976-ல் ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் உண்டாக்கிய முதல் கர்ப்பம் கருக்குழாயில் போய்த் தங்கிவிட்டது. இன்றும் அந்தச் சிகிச்சையில் இந்த வாய்ப்பு சாதாரணத்தைவிட அதிகம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாள் கணக்குப் பார்த்து ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நடக்கும். குழாய் வெடிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இப்போது ராமேஸ்வரத்தை வைத்துப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914. சாலைப் பாலம் 1988. அதுவரை தீவிலிருந்து வெளியே வர ரயில் அல்லது படகு. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறந்தது 2017. அதற்கு முன் மணலில் வேன்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவைக்கப்பட்டது 2022 ஜனவரி. இந்த நூறு வருஷத்தில் பெண்களின் கருக்குழாய் மாறவில்லை. குழாய் வெடித்தால் பிழைக்கும் வாய்ப்பை மாற்றியது பாலமும் ரோடும் தியேட்டரும். ஆபத்துக் காரணிகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதில் ஒன்றைக்கூட எழுதுவதில்லை.

தூரம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்தும் மேலே அனுப்பினால் மதுரைக்கு இன்னும் 110-க்கு மேல். ஸ்கேன், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், இந்த நாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். இதோடு தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. குறைந்த கையிருப்போடு ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரம் காலியாவார்கள்.

இந்தக் கடற்கரையின் வாழ்க்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் படகேறி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய், மூச்சடக்கி முங்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அடிவயிறு வலித்தால் முதலில் நினைவுக்கு வருவது "சூடு". தொப்புளில் விளக்கெண்ணெய், கொஞ்சம் நீராகாரம், மறுநாள் வேலை. குழாய் கசியும்போது சிலருக்கு வயிற்றுப்போக்கு மாதிரியும் வரும். பிரிட்டனிலேயே இதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துத் தவறவிட்ட மரணங்களை அவர்களின் மரண விசாரணை அறிக்கைகள் பேசியிருக்கின்றன. இங்கே சொல்லவே வேண்டாம். வயிற்றில் ரத்தம் தேங்கி உதரவிதானத்தை உரசினால் தோள்பட்டை நுனியில் வலிக்கும். நாளெல்லாம் பாசி மூட்டை தூக்குகிறவளுக்குத் தோள் வலித்தால் யார் கர்ப்பத்தை நினைப்பார்கள்?

இன்னொரு சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் கணவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார். அப்படிப்பட்ட பெண்ணிடமும், கல்யாணமாகாத பெண்ணிடமும், விதவையிடமும் "கர்ப்பமா இருக்குமா?" என்று கேட்க டாக்டரே தயங்குவார். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அவளும் உண்மையைச் சொல்ல மாட்டாள். ஆபரேஷன் செய்தவளிடம் கேட்கவே தோன்றாது. யாரைச் சந்தேகிப்பது என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்கிற வரைக்கும் இந்த நாலு பேரும் தப்பிப்போவார்கள்.

அதனால் என் விமர்சனத்தின் முடிவு எளிது. "யாருக்கு ஆபத்து" என்று பட்டியல் போட்டு ஆளைப் பிரிப்பதை விட்டுவிட்டு, கருத்தரிக்கக்கூடிய வயதில் அடிவயிற்று வலி, மயக்கம், வழக்கமில்லாத ரத்தத் திட்டு, இதில் எது வந்தாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை என்று எழுத வேண்டும். பி.பி. பார்ப்பதுபோல, எல்லாருக்கும், கேள்வி கேட்காமல். ஆபரேஷன் செய்திருந்தாலும், மாதவிலக்கு வந்த மாதிரி இருந்தாலும், மாத்திரை போட்டிருந்தாலும். அந்த கார்டு மெடிக்கல் ஷாப்பில் சில பத்து ரூபாய், கிராம சுகாதார நர்சிடம் இலவசம். ரெண்டு கோடு விழுந்து, வலியும் இருந்தால் அன்றைக்கே ஸ்கேன். மயக்கம் வந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் 108, ஆபரேஷன் வசதியுள்ள இடத்துக்கு நேராக.

பதிவேட்டுக்காரர்களுக்கும் ஒன்று. கருச்சிதைவு என்கிற பெட்டிக்குள்ளிருந்து ஓ 00-ஐ எடுத்துத் தனி வரியாகப் போடுங்கள், மாவட்ட வாரியாக. வெடித்த பிறகு வந்தவர்கள் எத்தனை பேர், வெடிக்கும் முன் வந்தவர்கள் எத்தனை பேர் என்று ரெண்டே ரெண்டு கட்டம் போதும். வெடித்த பிறகு வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்று பார்த்தால், அடுத்த ஸ்கேன் மிஷினும் ரத்த வங்கியும் எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.